மோட்டார் அறைக்குள் ஒரு பூசணிக்காய்

போன வெள்ளிக்கிழமை எங்கள் அலுவலகத்தின் புதுக் கட்டடத்துக்குத் திறப்பு விழா. வாசலில் பூசணிக்காயைப் போட்டு உடைத்தார்கள். கற்பூரப் புகையோடு அந்தப் பச்சைக்காய் வாசனையும் மூக்கில் ஏறியதும் என் கைகள் தாமாகவே முதுகுக்குப் பின்னால் போய்விட்டன.

"என்னண்ணே, எதையாச்சும் கையில குடுத்துருவம்னு கைய ஒளிக்கிறீகளா?" என்று கூட வேலை பார்க்கும் தம்பி கேட்டார். சிரித்து மழுப்பினேன். அவரிடம் சொல்ல வெட்கம். உங்களிடம் சொல்லலாம்.

அந்தக் கட்டடம் நிற்கும் இடத்தில் எண்பதுகளின் கடைசியில் ஒரு கிணறு இருந்தது. அதன் ஓரத்தில் குடிதண்ணீருக்காகப் புதிதாக ஒரு மோட்டார் அறை கட்டினார்கள். நான் அப்போது இதே அலுவலகத்தில் தற்காலிகப் பியூன். அப்பாவுக்குச் சின்னமனூர் பஜாரில் கடை. மேகமலையிலிருந்து இறங்கும் ஏலக்காய் மூட்டைகளுக்கு நடுவில் வளர்ந்ததால் என் சட்டையில் எப்போதும் நல்ல வாசனை இருக்கும். வாயில்தான் பேச்சு இருக்காது. யாராவது பெயர் கேட்டால்கூட எச்சிலை விழுங்கிவிட்டுத்தான் சொல்வேன். நாங்கள் கிறிஸ்தவர்கள், ஊர்ப் பேச்சில் வேதக்காரர்கள். ஞாயிற்றுக்கிழமை கோயிலில் பாடும்போது மட்டும் சத்தம் வரும், அதுவும் கூட்டத்தோடு கூட்டமாக. நான் வேலைக்குக் கிளம்பிய அன்று அப்பா சொன்னது ஒன்றுதான்: "நம்ம கடைக்கு வர்ற சனம் பூரா சாமி கும்புடுற சனம். அவுக மனசு கோணாம நடந்துக்க."

அரசு விழாவில் எந்த மதச் சடங்கும் கூடாது என்பதை நிஜமாகவே கடைப்பிடித்தவர் எங்கள் அதிகாரி. எங்கள் போதகர் வந்து ஒரு சின்ன ஜெபம் பண்ணலாமா என்று கேட்டபோதும், "கோயில்ல நல்லா பண்ணுங்க ஐயா. இங்க தண்ணி வந்தாப் போதும்" என்று காப்பி கொடுத்து அனுப்பிவிட்டார்.

விழா அன்று காலை, காண்ட்ராக்டர் வாசலில் ஒரு பூசணிக்காயை வைத்துக் கற்பூரத்தை ஏற்றிவிட்டார். "ஒடைக்காம மோட்டாரப் போட்டா அப்பறம் எம்மேல குத்தஞ் சொல்லப்படாது" என்றார். அந்த நேரம் பார்த்துத் தெருமுனையில் அதிகாரியின் ஜீப் சத்தம் கேட்டது. ஹெட்கிளார்க்குக்கு முகம் வெளுத்துவிட்டது. எரிகிற கற்பூரத்தை அணைக்கவோ, காயைத் தூக்கவோ யாருக்கும் தைரியம் இல்லை. எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

"ஏலே, நீதேன் வேதக்காரப் பய. ஒனக்குத் திருஷ்டி ஒட்டாது. தூக்கிட்டுப் போ!" என்றார் ஹெட்கிளார்க்.

என்னை நிரந்தரமாக்கும் காகிதம் அவர் மேசையில் இருந்தது. தூக்கினேன். தூக்கிய பிறகுதான் புத்தி வந்தது. கீழே போட்டால் அது திருஷ்டி கழித்ததாகிவிடும். அதிகாரி என்னை வேலையை விட்டு அனுப்பிவிடுவார். வாயால் ஊதி அணைத்தால் அப்பா கடைக்கு எவரும் வர மாட்டார்கள். விருந்தாளிகள் வரிசையில் போதகர் வேறு உட்கார்ந்திருந்தார்; நான் சூடம் பிடித்து நிற்பதை அவர் பார்க்கக் கூடாது. ஜீப் திரும்புவதைப் பார்த்ததும் திறந்து கிடந்த மோட்டார் அறைக்குள் நுழைந்துவிட்டேன். ரிப்பன் கட்ட வந்த ஆள் என்னைக் கவனிக்கவில்லை. கதவைச் சாத்திப் பூட்டிவிட்டார்.

புதுச் சுண்ணாம்பு வாசனை. புகை கண்ணைக் கரித்தது. கற்பூரம் தானாக அணைந்த பிறகு காயைக் கீழே வைத்திருக்கலாமே என்பீர்கள். உருண்டுபோய் மோட்டாரில் மோதி உடைந்துவிடுமோ என்று பயம். தும்மலைக்கூட அடக்கிக்கொண்டு நின்றேன்.

வெளியே பேசுவது ஜன்னல் கம்பி வழியாகக் கேட்டது. "அந்தப் பய காயோட எங்கன போனான்?" என்றது ஹெட்கிளார்க் குரல்.

"வேதக்காரன்ட்ட குடுத்தா வெளங்குமா? கெணத்துல வீசியிருப்பான்" என்றார் காண்ட்ராக்டர்.

"ஆரு, பஜார்க் கடைக்காரர் மகனா?" என்று இன்னொரு குரல். நான் கிணற்றில் வீசவில்லை என்று கத்தத் தோன்றியது. கத்தினால் அகப்பட்டுக்கொள்வேன்.

கதவு திறந்தது. கையில் கத்தரிக்கோலோடு அதிகாரி; அவருக்குப் பின்னால் ஊரே; ஊருக்கு நடுவில் அப்பா.

"என்னப்பா இது?"

"பூசணிக்காய்ங்கய்யா."

"அது தெரியுது. யார் குடுத்தா?"

அவர் தோளுக்குப் பின்னால் ஹெட்கிளார்க் கண்ணாலேயே கெஞ்சினார். "எனக்கு ஒட்டாதுன்னு குடுத்தாகய்யா" என்றேன். அந்த அலுவலகத்தில் அதுவரை நான் பேசியதில் அதுதான் நீளமான பேச்சு.

கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள். அதிகாரி சிரிக்கவில்லை. கத்தரிக்கோலை ஹெட்கிளார்க்கிடம் கொடுத்துவிட்டு, என்னிடமிருந்து காயை இரண்டு கையாலும் வாங்கினார். கரியும் குங்குமமும் அவர் வெள்ளைச் சட்டையில் ஒட்டின. நேரே போய்க் காண்ட்ராக்டர் கையில் கொடுத்தார். "உங்க பொருள். உங்க வீட்ல வச்சு உடைங்க, யாரும் கேக்க மாட்டாங்க. இவன் தலையில கட்டாதீங்க."

அந்தச் சட்டையோடுதான் சுவிட்சைப் போட்டார். தண்ணீர் வந்தது.

ஹெட்கிளார்க் ரொம்ப நாள் என்னோடு பேசவில்லை, ஆனால் காகிதத்தை அனுப்பிவிட்டார். அப்பா கடைக்கு வந்தவர்கள் கொஞ்ச நாள் கேலி பேசினார்கள், அப்புறம் மறந்துவிட்டார்கள். அதிகாரி மாற்றலாகிப் போனார். பூசணிக்காய் திரும்பி வந்தது.

போன வெள்ளிக்கிழமை அது உடைந்த பிறகு, சூடத் தட்டைப் புதிதாகச் சேர்ந்த டைப்பிஸ்ட் பெண்ணின் கையில் கொடுத்தார்கள். எங்கள் சபைப் பெண். "சும்மா பிடிம்மா, ஒனக்கென்ன?" என்றார்கள். எரிகிற தட்டோடு வைக்க இடம் தேடி அவள் சுற்றிச் சுற்றிப் பார்த்தாள். என் கைகள் எப்படியோ முன்னால் வந்துவிட்டன. "இங்க குடு ஆத்தா" என்று வாங்கிக்கொண்டேன்.

கிணற்றைத் தூர்த்தாகிவிட்டது. மோட்டார் அறையும் இல்லை. தட்டின் சூடு விரலில் ஏறியபோது நிமிர்ந்து பார்த்தேன். எதிரே இப்போதைய அதிகாரி கண்களை மூடிக் கும்பிட்டுக்கொண்டிருந்தார். என்னிடமிருந்து அதை வாங்க யாரும் இல்லை.