குழாய்க்குள் மங்கிய வெளிச்சம்

புனேயில், மகர்பட்டாவில் வங்கி மென்பொருள் எழுதிக்கொண்டிருந்த வேலையை விட்டுவிட்டு, பாணேரில் ஒரு சின்ன ரோபோ கம்பெனியில் சேர்ந்தபோது எனக்கு நாற்பது தாண்டியிருந்தது. "இந்த வயசுல ரப்பர் பொம்மை செய்யப் போறீங்களா?" என்று மனைவி கேட்டாள். ஏறக்குறைய அதுதான். மழைநீர்க் குழாய்களுக்குள் ஊர்ந்துபோய் விரிசல் பார்க்கும், நாலு கால் வைத்த, மெத்தென்ற ரோபோ. ஒவ்வொரு காலுக்குள்ளும் கண்ணாடி மாதிரி ஒரு ரப்பர் இழை. ஒரு முனையில் விடும் வெளிச்சம் மறுமுனைக்கு வந்துசேரும். கால் கிழிந்தால் வெளிச்சம் மங்கும். எந்தக் காலில் அடி என்று ரோபோவுக்குத் தெரிந்துவிடும். வெட்டு தானாக ஒட்டிக்கொண்டதும் வெளிச்சம் திரும்பும்.

இழையை வார்த்தவள் என்னோடு வேலை செய்த பெண். புனேயிலேயே பிறந்து வளர்ந்த தமிழ்ப் பெண். தமிழ் தட்டுத்தடுமாறி வரும், பதறினால் மராத்திக்குத் தாவிவிடுவாள். குழுவே நாங்கள் இரண்டு பேர்தான்.

மேலே இருந்தவர்களுக்குப் பொறுமை தீர்ந்துவிட்டது. மேசைமேல் நடந்தது போதும், நிஜக் குழாயில் ஒருமுறை போய்த் திரும்பட்டும், இல்லாவிட்டால் திட்டத்தையே மூடிவிடலாம் என்றார்கள். மே மாதக் கடைசியில் விஷ்ராந்த்வாடிப் பக்கம் ஒரு பழைய குழாயில் விட்டுப் பார்க்க அனுமதி கிடைத்தது. எங்களிடம் இருந்தது ஒரே ரோபோ. இன்னொன்று வார்க்கப் பொருள் இல்லை.

சாலையோர ஆள்துளை வழியாக உள்ளே விட்டோம். பின்னால் போகும் வயரை நான் கொஞ்சம் கொஞ்சமாக இளக்க, அவள் லேப்டாப்பைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நன்றாகத்தான் போனது. ஓரிடத்தில் உடைந்த பாட்டில் கிடந்தது.

"அண்ணா, முன்னாடி இடது கால்ல லைட் போச்சு."

"வந்துரும். பொறு."

ஆய்வகத்தில் பிளேடால் கீறினால் ஒரு டீ குடிப்பதற்குள் ஒட்டிவிடும். இங்கே திரையில் வெளிச்சத்தைக் காட்டும் கோடு தரையோடு தரையாகக் கிடந்தது. பிளேடு வெட்டு சுத்தமானது. இந்த வெட்டுக்குள் சேறு புகுந்துவிட்டது. இரண்டு பக்கமும் ஒன்றையொன்று தொடவே இல்லை. மிச்ச மூன்று கால்களும் வண்டலில் வழுக்கி, ரோபோ நின்ற இடத்திலேயே சுற்றியது.

வானம் கறுத்தது. கூட வந்திருந்த மாநகராட்சி ஊழியர், "பாணீ யேணார், ஸாஹேப்!" என்று கத்தினார். தண்ணீர் வரப்போகிறது. நான் வயரை இறுக்கிப் பிடித்தேன்.

"இழுத்துரவா?"

"தாம்பா அண்ணா, தாம்பா! இழுத்தா கால் பிஞ்சிடும்."

பொறுங்கள் என்று மராத்தியில் கத்தினாள். நிறுத்தினேன். வயரைத் தளர்த்திப் பிடித்தேன். அவள் "ஏசப்பா, ஏசப்பா" என்று முணுமுணுத்துக்கொண்டே திரையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. முதல் தூறலின் தண்ணீர் மெல்லிசாக உள்ளே ஓடியது. அது வெட்டிலிருந்த சேற்றைக் கழுவியிருக்க வேண்டும்.

"வருது அண்ணா! லைட் வருது!"

கோடு பாதிவரை ஏறியது. அந்தக் கால் அசைந்தது. ரோபோ எங்கள் பக்கம் திரும்பியது. அப்போது மழை கொட்டத் தொடங்கி, சாலைத் தண்ணீர் மொத்தமும் குழாய்க்குள் பாய்ந்தது. திரை இருண்டது. இரண்டு கையாலும் இழுத்தேன். வயர் லேசாக வந்துவிட்டது, முனையில் ஒன்றுமில்லை.

குப்புறப் படுத்துத் தோள்வரை ஆள்துளைக்குள் கையை விட்டுத் துழாவினேன். இருட்டும் தண்ணீரும்தான் இருந்தன. "வேணாம் அண்ணா, வெளிய வாங்க, ப்ளீஸ்" என்று அவள் என் சட்டையைப் பிடித்து இழுத்தாள்.

மறுநாள், அந்தக் குழாய் சாக்கடை ஓடையில் வந்து விழும் இடத்தில் முழங்கால் சேற்றில் தேடினோம். பிளாஸ்டிக் பைகளுக்கு நடுவே முன் இடது கால் மட்டும் கிடைத்தது. உடம்போடு சேரும் இடத்தில் பிய்ந்திருந்தது. பாட்டில் கிழித்த இடம் ஒட்டியிருந்தது. அவள் அதை இரு கட்டைவிரலாலும் பிரிக்கப் பார்த்தாள். பிரியவில்லை. அப்படியே நின்று அழுதாள்.

கூட்டத்தில் அந்தக் காலையும் வெளிச்சம் ஏறிய கோட்டையும் காட்டினோம். இயக்குநர் காலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "சரி, ரோபோ எங்கே?" என்று கேட்டார். குரலில் கோபம்கூட இல்லை.

அந்த வாரமே எங்கள் திட்டத்தை மூடிவிட்டார்கள். அவள் ஹைதராபாத் போய்விட்டாள். நான் அதே கம்பெனியில் கன்வேயர் மோட்டார்களைச் சோதித்துக்கொண்டிருக்கிறேன். திட்டத்தை மூடிய அன்று சாயங்காலம் விஷயத்தைச் சொன்னபோது மனைவி, "வேலை இருக்குல்ல? அது போதும்" என்றாள். நான் கை கழுவப் போனேன்.