உழவுக்குப் போட்ட பூட்டு

எங்கள் ஊர் நூலகக் கமிட்டிக்காரர்களை நினைத்தால் எனக்கு இன்னும் வயிறு எரிகிறது. எரியட்டும். அணைக்கிற உத்தேசம் எனக்கு இல்லை.

திருச்சுழிப் பக்கம் எங்கள் ஊர். நூலகம் நிலபுலன் உள்ள சம்சாரி வீட்டுக்காரர்கள் கட்டியது. கமிட்டியும் அவர்களுடையது, செயலாளர் பதவியும் அந்த வீடுகளுக்குள்ளேயே சுற்றிவரும். என் அப்பா அவர்களுடைய காடுகளில் கூலிக்கு உழுதவர். பிற்பாடு அருப்புக்கோட்டையில் மில் வேலைக்குப் போய், இப்போது காரியாபட்டியில் என்னோடு இருக்கிறார். அங்கே பஸ் ஸ்டாண்டுப் பக்கம் நெட் சென்டர் வைத்திருக்கிறேன். பட்டா, வருமானச் சான்றிதழ் என்று ஊராருக்குத் தட்டிக் கொடுக்கிற பிழைப்பு.

இளவட்டமாக இருந்தபோது அப்பாவும் கூட்டாளிகளும் சேர்ந்து ஒரு கையெழுத்துப் பத்திரிகை நடத்தினார்கள். பெயர் 'உழவு'. மாதம் ஒரு இதழ், இதழுக்கு ஒரே பிரதி. பகலெல்லாம் ஏர் பிடித்த கையால் எழுதி, நூல் கோத்துத் தைத்து, நூலகத்தில் கொண்டுபோய்க் கொடுப்பார்கள். அப்போது இருந்த நூலகர் நல்ல மனிதர், மறுக்காமல் வாங்கி வைத்துக்கொண்டார். கட்டு முழுவதும் அங்கேதான் கிடந்தது. வீட்டில் ஒரு தாள்கூடக் கிடையாது.

போன வருடம், நூலகத்துப் பழைய புத்தகம், நோட்டீசு, பத்திரிகை எல்லாவற்றையும் ஸ்கேன் எடுத்து, யார் வேண்டுமானாலும் படிக்கும்படி இணையத்தில் ஏற்றப்போகிறோம் என்று பிளக்ஸ் வைத்தார்கள். பிளக்ஸ் முழுக்கக் கமிட்டிக்காரர்களின் தலை சிரித்தது. அப்பாவுக்குக் கால் தரையில் பாவவில்லை. கூட்டாளிகளில் இப்போது மிச்சம் இருப்பவர் ஒருவர்தான், திருப்பூரில் மகன் வீட்டில். அவருக்குப் போன் போட்டு, "ஏலே, நம்ம உளவு நெட்டுல வருதுலே! ஒன் பேரன எடுத்துக் காட்டச் சொல்லு" என்று ஒரே கூச்சல்.

ஏற்றிய அன்றே தேடினேன். 'உழவு' என்று அடித்தால் ஒன்றும் வரவில்லை. அப்பா என் முதுகுக்குப் பின்னால் வந்து நின்றுகொண்டார்.

"சரியா அடி தாயி."

"நான் அடிக்கிறதுல குத்தம் சொல்லாதீகப்பா."

"நீயெல்லாம் ஒரு கடைய வச்சிருக்க!"

எரிச்சலில், அவர் சொல்வது காதில் எப்படி விழுந்ததோ அப்படியே 'உளவு' என்று அடித்தேன். வந்து நின்றது.

முதலில் சிரித்துவிட்டேன். எங்கள் பக்கம் வாழைப்பழம் வாளப்பளம்தான். ஒருவர் அட்டையைப் பார்த்துச் சொல்ல, இன்னொருவர் காதால் கேட்டு அடித்திருக்கிறார். அட்டையிலோ கலப்பையும் மாடுமாகப் படம் கண்ணைக் குத்துகிறது. அடப்பாவிகளா, வேவு பார்க்கிறவன் மாட்டைப் பூட்டிக்கொண்டா போவான்? அதோடு விட்டார்களா! உளவு என்றதும் போலீஸ், கோர்ட்டு சமாச்சாரங்களோடு சேர்த்து, மேலே ஒரு பூட்டுப் படத்தையும் போட்டிருந்தார்கள். 'பொதுப் பார்வைக்கு அல்ல.' அட்டையைத் தாண்டி ஒரு பக்கம் புரட்ட முடியவில்லை.

மறுநாள் கடையைச் சாத்திவிட்டு அப்பாவோடு பஸ் ஏறினேன். செயலாளருக்கு என் வயதுதான் இருக்கும். அப்பாவைப் பார்த்ததும், "வாப்பா, என்ன இந்தப் பக்கம்?" என்றார். வாப்பாவாம்! தகப்பன் வயது மனிதரை.

"ஒரு சோலியா வந்தேன்யா" என்றார் அப்பா, நின்றபடியே.

நான் விஷயத்தைச் சொன்னேன். "ஒரே எழுத்து சார். மாத்திட்டுப் பூட்ட எடுத்துவிட்டுருங்க."

"அடடா, பயலுக கவனிக்காம அடிச்சிருக்கானுக" என்று சிரித்தபடி கம்ப்யூட்டரில் திறந்தார். படிக்கப் படிக்கச் சிரிப்பு இறங்கியது. எட்டிப் பார்த்தேன். அப்பாவின் கையெழுத்து. நூலகத்துக்குள்ளே பெஞ்சு சும்மா கிடக்கிறது, உழுகிறவன் மட்டும் பேப்பரை வாசற்படியில் நின்றுதான் படிக்க வேண்டியிருக்கிறது என்று எழுதியிருந்தார். யார் நிற்கச் சொன்னது என்றும் எழுதியிருந்தார். செயலாளரின் தாத்தா.

"எழுத்த மாத்துறதுக்கென்ன, மாத்திரலாம்" என்றார் செயலாளர். குரல் வேறாகிவிட்டது. "ஆனா யோசிச்சுப் பாத்தா சரியாத்தானம்மா விழுந்திருக்கு? ஊரு விசயத்த வெளிய சொல்றதுக்கு உளவுன்னு சொல்லாம வேறென்னன்னு சொல்றது?"

எனக்கு ரத்தம் தலைக்கேறியது. "இதுல எது பொய்யின்னு சொல்லுங்க சார், பாப்பம்."

"பொய்யின்னு நான் சொல்லல. இப்ப எதுக்குங்கேன். எல்லாரும் ஒண்ணுமண்ணாத்தான இருக்கோம்?"

"ஒண்ணுமண்ணா இருக்கவுகளுக்குப் பூட்டு எதுக்கு?"

"கமிட்டி கூடித்தாம்மா முடிவெடுக்கணும்."

சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்கமாட்டான் என்பது சரிதான். வாய்க்கு வந்ததையெல்லாம் கேட்டேன். அப்பா என் கையைப் பிடித்து அமர்த்தினார்.

"அய்யா, பேரு உளவுன்னே இருந்துட்டுப் போகட்டும். எங்கள வேவுகாரப் பயலுகன்னே போட்டுக்கங்க. தெறந்து மட்டும் விட்டுருங்க. எவனாச்சும் படிப்பான்."

செயலாளர் அவர் முகத்தைப் பார்க்கவில்லை. "பாப்பம்ப்பா" என்றார்.

திரும்பி வரும்போது பஸ்ஸிலேயே அப்பாவிடம் சண்டை பிடித்தேன். அந்தாள் சொன்ன பேச்சுக்கு நீங்களே இடம் கொடுக்கலாமா என்று கேட்டேன். அவர் வெளியே கண்மாய் முழுக்க மண்டிக்கிடந்த சீமைக்கருவேலத்தைப் பார்த்துக்கொண்டே வந்தார்.

கொஞ்ச நாள் கழித்து, கடையில் வேலைக்கு நடுவே 'உழவு' என்று அடித்துப் பார்த்தேன். வந்துவிட்டது! பிழையில்லாமல், ழகரத்தோடு.

"அப்பா, ஓடியாங்க! மாத்திட்டாக!"

கண்ணாடியை மாட்டிக்கொண்டு வந்தார். பெயரை வாய்விட்டு ஒருமுறை படித்தார். அப்புறம் கீழே பார்த்தார். பூட்டு அப்படியே இருந்தது. காரணம் மட்டும் புதிது: 'தாள்கள் சிதைந்துள்ளன.' செயலாளர் எங்கள் கண்முன்னால் வரிவரியாகப் படித்தாரே, அதே தாள்கள். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற கூட்டம். கடையில் ஆள் இருப்பதைக்கூடப் பார்க்காமல் நான் திட்ட ஆரம்பித்தேன்.

அப்பா திட்டவில்லை. கண்ணாடியைக் கழற்றிச் சட்டைப்பைக்குள் வைத்தார்.

"எழுத்தத் திருத்திட்டாக" என்றார். "எங்களத்தான் இன்னும் உள்ள விடல. கடையச் சாத்து தாயி, ஊருக்குப் போவோம். இந்தத் தடவ ஒக்காந்து பேசுவோம்."