வேதாசலம் கேட்காமல் விட்ட கையெழுத்து

வேதாசலம் அண்ணன் இறந்த செய்தி எனக்கு ஈப்போ ரயில் நிலையத்தில் கிடைத்தது. சிலிம் ரிவரிலிருந்து வந்திறங்கிய தோட்டத்து ஆள் ஒருவர், "டிரஸ்ஸரே, உங்க வேதாசலம் போயிட்டாருலா. மூணு நாள் காய்ச்சல்" என்றார். எனக்கு முதலில் வந்தது துக்கமில்லை, பயம். போகுமுன் என்னைப் பற்றி யாரிடமாவது சொல்லியிருப்பாரோ என்ற பயம். அவரை அறிந்த உங்களிடம் இதை மறைத்து எழுதினால் அது அஞ்சலி ஆகாது.

நாங்கள் இருவரும் மலாயாவில், பேராக்கில் ஒரு சிறையில் வேலை பார்த்தோம். அவர் மொழிபெயர்ப்பாளர். நான் சிறை ஆஸ்பத்திரியில் காயத்துக்குக் கட்டுப்போடும் டிரஸ்ஸர். பூட்ஸ் சத்தம் கேட்டாலே எழுந்து நின்றுவிடுவேன். "டிரஸ்ஸரே, நீங்க தொரையோட நாற்காலிக்கும் சலாம் போடுற ஆளு" என்று கேலி செய்வார். நானும் சிரித்துக்கொள்வேன். அது உண்மைதானே.

ரப்பர் விலை விழுந்து தோட்டங்களில் ஆள் குறைத்த வருஷம், கைதிகளின் மனநோயை ஆராய ஒரு வெள்ளைக்கார டாக்டர் வந்தார். விருப்பமுள்ளவர்கள் மட்டும் முன்னால் வரலாம் என்றார். அண்ணன் அதைத் தமிழில் சொல்லி முடிப்பதற்குள் வரிசை முழுவதும் ஓரடி முன்னால் வந்து நின்றது. எல்லாரும் தோட்டத்து ஆட்கள். விடியற்காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டில் வரிசையாக நின்று பேர் கொடுத்துப் பழகியவர்கள். தொரை கூப்பிட்டால் முன்னால் போக வேண்டும், கேட்டால் ஆமாம் என்று சொல்ல வேண்டும். டாக்டருக்கோ பரம சந்தோஷம். அண்ணன் என் பக்கம் குனிந்து, "இது சம்மதமில்ல, பெரட்டு" என்றார்.

கருப்பன் என்பவன் கங்காணியை அடித்து உள்ளே வந்தவன். விடுதலைக்கு இரண்டு மாதம்தான் பாக்கி. காதில் குரல் கேட்கிறதா என்றார் டாக்டர். "ஆமாங்க தொரை." யாராவது உன்னைக் கொல்லப் பார்க்கிறார்களா? "ஆமாங்க தொரை." டாக்டர் எழுதிக்கொண்டே போனார். இவனைப் பைத்தியக்கார ஆஸ்பத்திரிக்கு அனுப்ப வேண்டும் என்று பக்கத்திலிருந்த உதவியாளரிடம் சொன்னார். அங்கே போனவன் எப்போது வருவான் என்று யாருக்கும் தெரியாது. அண்ணன் பேனாவைக் கீழே வைத்தார். "கருப்பா, உனக்கு மூணு கையா?" என்று கேட்டார். "ஆமாங்க தொரை" என்றான் அவன். அந்தக் கேள்வியையும் பதிலையும் அண்ணன் அப்படியே ஆங்கிலத்தில் சொன்னார். "பயத்துல சொல்ற பதிலை வச்சு வியாதி கண்டுபிடிக்க முடியாதுங்க" என்றும் சொன்னார். இந்த மனுஷர் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கக் கூடாதா என்று மனசுக்குள் திட்டினேன்.

டாக்டர் அவமானப்பட்டார். மறுநாள் சிறை அதிகாரி என்னைக் கூப்பிட்டார். "மூன்று கை என்று பதில் சொல்லும்படி வேதாசலம் கருப்பனுக்கு முன்பே சொல்லிக் கொடுத்தாரா?" டாக்டர் கேள்வி கேட்ட அறையில் தமிழ் தெரிந்த சாட்சி நான் ஒருவன்தான். எனக்கு வேலை இருந்தது, வேலையோடு வீடு இருந்தது, மூன்று பெண் பிள்ளைகள் இருந்தார்கள். "ஆமாம் சார்" என்றேன். யாரும் என்னை அடிக்கவில்லை, மிரட்டவில்லை. கேட்டார், சொன்னேன்.

அதனால் மூன்று கை பதில் செல்லாமல் போனது, மற்ற பதில்கள் நின்றன. கருப்பனை வண்டியில் ஏற்றிக் கொண்டுபோனார்கள். அண்ணனுக்கு வேலை போயிற்று. வாசலில் என்னைப் பார்த்து, "உங்களுக்குப் புள்ளைங்க இருக்கு, தெரியும். கருப்பனுக்கும் வீட்டுல ஆள் இருக்கு டிரஸ்ஸரே" என்றார். அவ்வளவுதான். பிறகு சிலிம் ரிவர் பக்கம் ஒரு தோட்டத்தில் கணக்கெழுதும் கிராணி வேலைக்குச் சேர்ந்தார். மாதம் ஒருமுறை ரயிலேறிக் கருப்பனைப் பார்த்துவந்தார் என்று கேள்விப்பட்டேன். நான் ஒருமுறைகூடப் போகவில்லை.

கருமாதி முடிந்து அவர் மனைவி என் வீட்டுக்கு வந்தார். அந்த மூன்று கை பதில் யாரும் சொல்லிக் கொடுத்ததல்ல, கருப்பனை ஆஸ்பத்திரியிலிருந்து விட வேண்டும் என்று அண்ணன் எழுதி வைத்திருந்த மனுவை நீட்டினார். அடியில் சாட்சியின் கையெழுத்துக்கு இடம் காலியாக இருந்தது. "ஏன் அண்ணி, என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே" என்றேன்.

"உங்ககிட்ட கேக்கச் சொல்லி நான் சொல்லாத நாளில்ல. அவரு கேக்கலியே. 'நான் போய் நின்னா டிரஸ்ஸர் பயந்துக்கிட்டு ஆமாம்னுதான் சொல்லுவாரு. அந்த ஆமாம் எனக்கு வேணாம். அவரா வரட்டும்'னு சொல்லிட்டாரு" என்றார். பிறகு, "நானும் கேக்க வரலை தம்பி. இது உங்க கண்ணுல படணும்னு கொண்டாந்தேன்" என்று எழுந்துகொண்டார்.

பத்து நாள் அந்தத் தாள் என் பெட்டிக்குள் கிடந்தது. அவரை அறிந்தவர்களே, உங்கள் முன்னால் சொல்கிறேன். வேதாசலம் அண்ணன் கருப்பனுக்கு எதையும் சொல்லிக் கொடுக்கவில்லை. பொய் சொன்னவன் நான். இதைச் சொன்னால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும், வேலையும் வேலையோடு வீடும் போகும். அவரிடமிருந்து எனக்கு மிஞ்சியது அந்தத் தாளும், எனக்காக அவர் விட்டுவைத்த காலி இடமும்தான். நேற்றுக் காலை அதில் கையெழுத்துப் போட்டேன். யாரும் என்னைக் கேட்கவில்லை.