விழுகிறவர்களைத் தாங்கும் வேலை

டிவியில் சொருகி விளையாடும் வீடியோ கேம் பெட்டிக்கு, தலையில் மாட்டிக்கொள்ளும் கண்ணாடி ஒன்று அந்தக் காலத்தில் வந்தது. வந்த சுவடு தெரியாமல் போயும்விட்டது. உங்களுக்கு நினைவிருக்க நியாயமில்லை. மாட்டினால் ஆகாயத்தில் பறக்கலாம் என்றார்கள். பறக்கலாம்தான். ஆனால் நாம் தலையைத் திருப்பினால், உள்ளே தெரியும் மலை கொஞ்சம் யோசித்துவிட்டுத்தான் திரும்பும். அதற்குள் மனுஷனுக்குக் கிறுகிறுத்துவிடும்.

பெரிய கடை ஒன்றில் அதை எல்லோரும் மாட்டிப் பார்க்க வைத்திருந்தார்கள். முதல் நாளே ஒரு தலைமையாசிரியர் பறந்து போய், பக்கத்துக் குக்கர் அடுக்கின் மேல் இறங்கினார். "விழுறவங்களைப் பிடிக்க ஒரு ஆளைப் போடுங்கப்பா" என்றார் மேனேஜர். எல்லோரும் பாத்திரப் பிரிவில் இருந்த நம் ஆளைக் கைகாட்டினார்கள். அலமாரியிலிருந்து நழுவும் கண்ணாடித் தம்ளரை, பேச்சை நிறுத்தாமலே எட்டிப் பிடிக்கிறவன் அவன். அன்றைக்கே அவனுக்குத் 'தாங்கி' என்று பெயர் வந்துவிட்டது.

"புது செக்‌ஷன்ல என்னடா வேலை?" என்று கேட்டாள் அம்மா.

"விழுறவங்களைப் பிடிக்கணும்மா."

"யாரும் விழலேன்னா?"

"சும்மா நிக்கணும்."

"இதுக்குச் சம்பளம் வேற" என்று அம்மா தலையில் அடித்துக்கொண்டாள்.

தாங்கிக்கோ தலைகால் புரியவில்லை. தன்னை விட்டால் ஆளில்லை என்கிற வேலை வாழ்க்கையில் முதல்முறையாகக் கிடைத்திருக்கிறது. யார் தள்ளாடி நிற்பார், யார் பொத்தென்று போவார் என்பதை முதுகைப் பார்த்தே சொன்னான். தொப்பைக்காரர்களை அக்குளில் கைகொடுத்துத் தாங்கினான். ஒல்லியானவர்களை ஒரே கையில் நிறுத்தினான்.

சனிக்கிழமைதோறும் ஒருத்தி வந்தாள். வெயிலில் கறுத்த முகம், காய்ப்பேறிய உள்ளங்கை. வரிசையில் நின்று, மாட்டி, பறந்து, கச்சிதமாக அவன் கைகளில் வந்து சாய்வாள். எழுந்து "சாரிங்க" என்று சிரிப்பாள். அந்தச் சிரிப்பை வைத்துக்கொண்டு அவன் ஒரு வாரத்தை ஓட்டுவான். காதலில் தலைகுப்புற விழுந்துவிட்டான். அவனைப் பிடிக்கத்தான் கடையில் ஆள் போடவில்லை.

ஆனால் தாங்கி சரியான ட்யூப்லைட். பாவம், இவளுக்கு ஏதோ உடம்பு சரியில்லை என்று கவலைப்பட்டான். ஒருநாள் மனசைக் கல்லாக்கிக்கொண்டு சொல்லியும்விட்டான்: "உங்களுக்கு இது ஒத்துக்கலைங்க. ஒரு டாக்டரைப் பாருங்க. இனிமே இதை மாட்டாதீங்க."

அவள் முகம் சுருங்கிவிட்டது. "சரிங்க" என்று போய்விட்டாள். இனி வரவே மாட்டாளோ என்று அப்புறம்தான் அவனுக்கு உறைத்தது. போதாக்குறைக்கு, கண்ணாடி விற்கவில்லை, வெள்ளிக்கிழமையோடு திருப்பி அனுப்புகிறோம் என்று மேனேஜர் வேறு சொன்னார்.

அந்த வாரம் டீ குடிக்க வெளியே வந்தவன், எதிரே கட்டடம் எழும்பும் இடத்தில் அண்ணாந்து பார்த்தான். பெரிய கிரேனின் உச்சியிலிருந்து யாரோ ஏணியில் இறங்கிக்கொண்டிருந்தார்கள். ஏதோ மாடிப்படி இறங்குவதுபோல அப்படி ஒரு அலட்சியம். கீழே வந்து ஹெல்மெட்டைக் கழற்றியதும் பார்த்தால், அவள். தாங்கி சாலையைக் கடப்பதற்குள் வேன் ஏறிப் போய்விட்டாள்.

நாள் முழுக்க அந்த உச்சியில் உட்கார்ந்து இரும்பைத் தூக்கி வைக்கிறவளுக்கா தலைசுற்றல்? டீ ஆறிப்போகும்வரை யோசித்தான். திடீரென்று விளங்கியது. விழுந்தால் பிடிக்க ஆளில்லாத நடுச்சாலையில் ஒரு குதி குதித்தான். லாரிக்காரர் திட்டியதும் அவனுக்கு வாழ்த்துபோலத்தான் கேட்டது.

சனிக்கிழமை கண்ணாடி இருந்த இடத்தில் டேபிள் ஃபேன்கள் சுழன்றன. சாயங்காலம்வரை வாசலையே பார்த்துப் பார்த்து அவன் கழுத்து சுளுக்கிக்கொண்டது. கடைசியில் வந்தாள். காலி இடத்தைக் கண்டு திகைத்து நின்றாள்.

"மெஷின் எங்கேங்க?"

"எடுத்துட்டுப் போயிட்டாங்க."

"அப்ப நீங்க?"

"ஃபேன் விக்கிறேன்." சுழன்ற ஃபேனை நிறுத்தினான். "உங்களை கிரேன்ல பார்த்தேன்."

அவள் காதுவரை சிவந்தாள். பையின் வாரைத் திருகினாள். போய்விடப் போகிறாள் என்று தாங்கிக்கு உயிரே போனது.

"இப்பக்கூடத் தலை சுத்துதுங்க" என்றாள்.

"டாக்டர் வேணாம்" என்றான் அவன் அவசரமாக.

மேனேஜர் பார்க்க, ஃபேன் வாங்க வந்த குடும்பம் பார்க்க, அவள் சாய்ந்தாள். இத்தனை நாள் பின்பக்கமாகவே விழுந்தவள், அன்றைக்கு முன்பக்கமாக விழுந்தாள்.