வாசலில் நாலு சோடிச் சப்பாத்து

போன ஞாயிற்றுக்கிழமை பாரிஸின் புறநகரான ஒபர்வில்லியேயில் ஒரு பிறந்தநாள் வீடு. நல்ல மழை. கதவைத் திறந்ததும் கட்லட் வாசத்துக்கு முன்னால் வாசலில் கழற்றிவைத்திருந்த ஈரச் சப்பாத்து மணந்தான் மூக்கில் ஏறியது. மற்றவர்கள் முகத்தைச் சுளித்தார்கள். எனக்கோ, எண்பதுகளில் படிக்க வந்து தங்கியிருந்த மாணவர் விடுதி அப்படியே கண்முன் வந்தது. சிரிக்காதீர்கள், சிலருக்கு மல்லிகை, எனக்கு இது.

நம் தமிழ்க் கடைகள் இருக்கும் லா சப்பலில் இருந்து கூப்பிடு தூரத்தில் அந்த விடுதி. ஓர் அறைக்கு ஓர் ஆள் என்பது சட்டம். பிடிபட்டால் அறை பறிபோகும். என் அறையிலோ நாலு பேர். நான் கட்டிலில் (அறைக்குச் சொந்தக்காரன் அல்லவா!), மற்ற மூவரும் நிலத்தில். அதில் ராசன் மன்னாரிலிருந்து வந்து ஒரு கிழமைதான். வெளியே பனி கொட்டுகிறது. அவனுக்கு அந்த நகரத்தில் வேறு போக்கிடமே இல்லை.

ஆகவே கடும் கட்டுப்பாடு. குசுகுசுப்பாகத்தான் பேச்சு. குளியலறைக்கு ஒவ்வொருவராக. இருமல் வந்தால் தலையணைக்குள். எங்கள் கெட்டித்தனத்தை நினைத்து எங்களுக்கே பெருமை.

ஒரு காலை யாரோ கதவைத் தட்டினார்கள். விடுதிப் பொறுப்பாளரான மதாமின் குரல்.

"அண்ணை, நான் இனி எங்கை போறது?" ராசன் அழாக்குறையாகக் கேட்டான்.

"வாயைப் பொத்தடா, அலுமாரிக்குள்ளை ஏறு!"

மற்ற இருவரும் கட்டிலுக்குக் கீழே. நான் தலையைக் கோதிக்கொண்டு, பாவம், தன்னந்தனியாக இருக்கும் மாணவனைப் போலக் கதவைத் திறந்தேன்.

மதாம் அறைக்குள் எட்டியே பார்க்கவில்லை. வாசலையே பார்த்துக்கொண்டு நின்றார். நானும் பார்த்தேன். நாலு சோடிச் சப்பாத்து, வரிசையாக. கோயில் வாசல் தோற்றது போங்கள்! ஆளையெல்லாம் ஒளித்துவைத்த எங்களுக்கு, சப்பாத்தை உள்ளே கொண்டுவரலாம் என்று மட்டும் தோன்றவேயில்லை. அந்த நேரம் பார்த்து அலுமாரி தும்மியது.

மதாம் பிரெஞ்சில் மெல்லச் சொன்னார்: "நாளைக்கு மேலிடத்திலிருந்து ஆள் வருகிறார். இவற்றை உள்ளே எடுங்கள்." போகப்போனவர் திரும்பி, "அவரையும் வெளியே விடுங்கள், மூச்சு முட்டப்போகிறது" என்றார். மகராசி! ராசன் அந்தக் குளிர்காலம் முழுக்க அங்கேயே இருந்தான்.

விடுதியை இடித்துக் கண்ணாடிக் கட்டடம் எழுப்பிவிட்டார்கள். மதாம் எங்கே போனாரோ தெரியாது. என் வீட்டில் இப்போது ஓர் அறை சும்மா கிடக்கிறது. கனடாவில் இருக்கும் ராசன் போன கோடையில் குடும்பத்தோடு பாரிஸ் வந்தான். அந்த அறையைக் கூட்டித் துடைத்து, கட்டிலுக்குப் புது விரிப்பு விரித்து வைத்திருந்தேன். விமான நிலையத்திலிருந்து அழைத்தான்.

"ஹோட்டல் புக் பண்ணிட்டன் அண்ணை. உங்களுக்கு ஏன் சும்மா கரைச்சல்?"

"ஓமடா, அதுவும் சரிதான்" என்றேன். அந்த விரிப்பை மடித்துவைக்க எனக்குக் கனநாள் மனம் வரவில்லை.