ஏச்சு நின்ற காலை

ஜெரினாவின் புருசன் மரிய ஜெரால்டுக்கு, கல்லல் பக்கத்து நூல்மில்லில் வருடக்கணக்காக ராத்திரி ஷிப்டு. காலையில் வந்தால் தூக்கம் வராது. சரக்கை ஊற்றிக்கொண்டால்தான் கண் சொக்கும். "நெனச்சா விட முடியாதா ஒங்களால?" என்று தினமும் ஏசுவாள். என்றைக்காவது நினைத்துவிடுவான் என்ற நம்பிக்கைதான் அந்த ஏச்சு.

காரைக்குடி டாக்டர் அந்த நம்பிக்கையில் மண்ணைப் போட்டார். உடம்புக்குள்ளே பகலிரவு பார்க்கும் கடிகாரம் ஒன்று உண்டாம். அதை ஓட்டும் மரபணு இவனுக்குப் பிறவியிலேயே பழுதாக இருக்கலாமாம். ராத்திரி வேலையும் சேர்ந்தால் சின்னக் கவலைகூட மலையாகிக் குடிக்கு இழுக்குமாம். பகல் ஷிப்டு கேட்டதற்கு மில்லில் கையை விரித்துவிட்டார்கள்.

மறுநாள் காலை ஜெரினா வாயே திறக்கவில்லை. ஜன்னலில் பழைய சேலையைத் தொங்கவிட்டு வெளிச்சத்தை மறைத்தாள். டம்ளரைக் கழுவி அவன் பக்கத்தில் வைத்தாள்.

ஜெரால்டு பாட்டிலைத் திறக்காமல் அவளையே பார்த்தான்.

"ஏண்டி, இன்னைக்கு என்னையத் திட்டலையா?"