தண்ணி குடிக்கிற நூல்

நான் மூன்றாம் வகுப்பு வரைதான் போனேன். எழுதினால் என் எழுத்து கோணும், தைத்தால் கோணாது. ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் தையல் லைனில் இருபத்திரண்டு வருஷம் உட்கார்ந்தவள். என் தையலைப் பிரிக்கச் சொன்னவர் ஒருவரும் கிடையாது.

தொண்ணூறுகளின் நடுவில் எங்கள் ஜன்னலோரம் ஒரு வெற்றிலைக் கொடி இருந்தது. பக்கத்து வீட்டு ஆபா கொடுத்தது. ஆபா என்றால் உருதுவில் அக்கா. தெருவே அப்படித்தான் கூப்பிடும். ஆற்காட்டில் அவருடைய அம்மா வைத்த கொடி அது. அம்மா போய்விட்டார், அந்த வீடும் கைமாறிவிட்டது. ஆபா தன் வாசலில் நட்டதைப் போர்வெல் தண்ணீரின் உப்பு தின்றுவிட்டது. மிச்சம் என்னிடம் இருந்த ஒன்றுதான். அதற்கு நான் குழாயில் வரும் நல்ல தண்ணீரை மட்டும் ஊற்றுவேன்.

அப்போதுதான் என் வீட்டுக்காரருக்கு வேலூரில் குடலிறக்க ஆபரேஷன் என்று முடிவானது. பத்துப் பன்னிரண்டு நாள் நான் கூட இருக்க வேண்டும். அதே நாட்களில் ஆபாவுக்கு நாட்றம்பள்ளியில் தம்பி மகள் கல்யாணம். வேறு யாரிடமும் சாவி கொடுக்கும் வழக்கம் எனக்கு இல்லை. கொடியோ இரண்டு நாள் காய்ந்தால் சுருண்டுவிடும்.

எங்கள் மெஷினுக்குள் ஒரு திரி, தொட்டியில் இருக்கும் எண்ணெயை மேலே இழுத்துக் கொடுக்கும். அதேபோல் செடிக்கும் செய்யலாமே என்று தோன்றியது. கொடி இருந்த மண்தொட்டி ஏற்கெனவே விரிசல் விட்டிருந்தது. கம்பெனியில் கழித்துப்போட்ட கான்வாஸ் துணியைக் கேட்டு வாங்கி, இரட்டைத் தையல் போட்டு ஒரு பை தைத்தேன். அடியில் ஷூவுக்குக் கயிறு கோக்கும் வளையம் நாலு அடித்தேன். அகலமான மாவு டப்பாவில் தண்ணீர், மூடியில் நாலு ஓட்டை, மூடிமேல் கொடியை மண்ணோடு மாற்றிய பை. பைக்குள் மண்ணிலிருந்து நாலு நூல் கீழே தண்ணீருக்குள் தொங்கும்.

ஆபா பார்த்துவிட்டுச் சிரித்தார். "இன்னாம்மா, செடிக்கு ஷூ தைச்சிட்டியா? நடந்து உன் பின்னாலயே வேலூருக்கு வந்துடப் போவுது!"

"சிரிங்க ஆபா. திரும்பி வந்து பாத்துட்டு சிரிங்க."

சனிக்கிழமை வைத்தேன். மேலே தண்ணீர் ஊற்றவில்லை. திங்கட்கிழமை காலையில் இலைகள் தொங்கிவிட்டன. டப்பாவில் தண்ணீர் ஒரு நூல் அளவுகூட இறங்கவில்லை. ஆபா ஓடிவந்து மூடியைத் தூக்கிப் பார்த்தார். முகம் சுண்டிவிட்டது.

"எந்த நூலும்மா இது?"

"நைலான். எங்க கம்பெனியிலேயே ஒசத்தி நூல் இதான். யானை கட்டினாலும் அறாது."

"யானையா கட்டப் போற? ஸ்டவ்ல திரிக்கு நைலான் போட்டா எரியுமா?"

எங்கள் லைனில் பஞ்சு நூல் என்றால் கேவலம். யாராவது அதை எடுத்தால் சூப்பர்வைசர், "அது தண்ணி குடிக்கும்மா, மக்கிப் போவும், தூக்கிப் போடு" என்று கத்துவார். அந்தப் பேச்சு காதில் ஊறிப்போய், செடிக்கும் ஒசத்தி நூலையே போட்டிருக்கிறேன். மெஷின் திரியைத் தினமும் பார்த்தவள்தான். அது எதனால் ஆனது என்று பார்க்கவில்லை.

ஆபா உள்ளே போய் ஸ்டவ்வுக்குப் போடும் பஞ்சுத் திரி ஒரு பாக்கெட் கொண்டுவந்தார். "புதுசு. மண்ணெண்ணெய் படல. போடு, பேஜார் பண்ணாத."

பையைப் பிரித்து, திரிகளை நனைத்து, வேருக்குப் பக்கத்தில் வரும்படி வைத்தேன். மண்ணுக்கும் ஒருமுறை தண்ணீர் ஊற்றினேன். மறுநாள் டப்பாவில் தண்ணீர் அரை விரல் இறங்கியிருந்தது. இலைகள் நிமிர்ந்தன. டப்பாவை நிரப்பிவிட்டு பஸ் ஏறினேன்.

ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்துக்கொண்டு என் வீட்டுக்காரர் கேட்டார், "எனக்கு ட்ரிப்ஸ் ஏறுது. உன் கொடிக்கு?"

"அதுக்கும் ஏத்திட்டுத்தான் வந்தேன். பேசாம படுங்க."

சொல்லிவிட்டேனே ஒழிய மனசு ஜன்னலோரத்திலேயே இருந்தது. ஆபாவின் அம்மா வீட்டில் இனி மிச்சம் அதுதானே.

பன்னிரண்டாம் நாள் வீட்டுக்காரரைக் கைத்தாங்கலாக பஸ்ஸிலிருந்து இறக்கிக்கொண்டு வந்தபோது, ஆபா எனக்கு முன்பே வந்து எங்கள் கதவண்டை நின்றிருந்தார்.

"சீக்கிரம் தொறம்மா."

பூட்டைத் திறந்தேன். அடியில் ஒரு இலை மஞ்சளாகியிருந்தது. நுனியில் புதிதாக இரண்டு, இளம்பச்சையாக, பளபளவென்று. டப்பாவில் ஒரு விரல் தண்ணீர் மிச்சம். ஆபா இலையைத் தொடவில்லை. ஈரமாக இருந்த கான்வாஸைத் தடவிப் பார்த்தார்.

"பாதி கொடி எனக்கு வெட்டிக் குடு. ஷூவோட," என்றார்.

அடுத்த வாரம் லைனில் சூப்பர்வைசர் ஒரு பஞ்சு நூல் கண்டைத் தூக்கிக் காட்டி, "யார் எடுத்தது இத? தண்ணி குடிக்கும்னு எத்தனை தடவ சொல்றது?" என்று கத்தினார்.

"குடிக்கட்டும் சார்," என்று எழுந்தேன். "அத எனக்குக் குடுத்துடுங்க."